ஒரே டிக்கெட்டில் ஒரு பகல்

பெயர்: தோஹோ சாம்பியன் விழா. பிறப்பு: 20 டிசம்பர் 1969. மறைவு: 1978 வசந்த விடுமுறை. வசிப்பிடம்: ஜப்பானில் தோஹோ நிறுவனத்தின் படங்கள் ஓடிய திரையரங்குகள். சொந்தச் சகோதரர் இல்லை. தொழில் பங்காளி ஒருவர் உண்டு, தொயெய் நிறுவனம் நடத்திய சித்திரப்பட விழா. நம்மூராக இருந்தால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருப்போம். மேலே இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு, நடுவில் வட்டத்துக்குள் ஒரு பல்லி மூஞ்சி.

விழா என்றதும் மேடை, மாலை, தலைமையுரை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானியப் பள்ளிகளுக்கு வசந்தத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, புத்தாண்டையொட்டி ஒன்று என்று மூன்று விடுமுறைகள். அவற்றைக் குறிவைத்து, சிறுவர்களுக்காகவே தோஹோ கட்டிக் கொடுத்த படப் பொட்டலம் இது. பொட்டலத்தின் நடுவில் ஒரு ராட்சத மிருகப் படம். அங்கே ‘கைஜு’ படம் என்பார்கள். சுற்றிலும் தொலைக்காட்சித் தொடர்களின் அத்தியாயங்கள், சித்திரப் படம், நகைச்சுவைப் படம் என்று என்ன அகப்பட்டதோ அது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். முதல் விழாவில் மினில்லாவும் கபராவும் காட்ஸில்லாவும் மோதும் படம், ‘காண்ட்டோ 55’ என்ற நகைச்சுவை இரட்டையரின் விண்வெளிக் கூத்து, ‘கியோஜின் நோ ஹோஷி’ என்ற பேஸ்பால் சித்திரத் தொடரின் திரை வடிவம் ஆகிய மூன்றும் ஓடின. ராட்சதன், கோமாளி, பேஸ்பால். எட்டு வயதுப் பையனுக்கு வேறு என்ன வேண்டும்?

காட்ஸில்லாவே செத்துப்போனதாக யாரும் வருந்த வேண்டாம். அது சௌக்கியமாக இருக்கிறது. 2024 மார்ச்சில் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ காட்சி ஜாலங்களுக்காக ஆஸ்கர் வாங்கியது. ஷின்ஜுகுவில் தோஹோ கட்டடத்தின் மேல் 2015 முதல் அதன் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போனது அதைப் பார்த்த விதம்: காலையில் பக்கத்துத் தெருக் கொட்டகைக்குள் நுழைந்து, படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தாலும் கவலைப்படாமல் உட்கார்ந்து, தவறவிட்ட பாதியை அடுத்த ஆட்டத்தில் பார்த்து, பிடித்திருந்தால் இன்னொரு முறையும் பார்த்துவிட்டு இருட்டும்போது வீடு திரும்புவது.

வம்சாவளியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தச் சிறுவர் கும்மாளத்தின் பாட்டன் பெரியவர்களின் துக்கத்தில் பிறந்தவன். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ‘ஐந்தாம் புகுரியு மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ‘காட்ஸில்லா’ வந்தது. தயாரிப்பு தொமொயுகி தனகா, இயக்கம் இஷிரோ ஹோண்டா, தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயா. பார்த்தவர்கள் 96 லட்சத்துக்கும் மேல். அதில் காட்ஸில்லா டோக்கியோவின் யுராகுச்சோ பகுதியைக் கடக்கும்போது வால் சுழன்று நிச்சிகெகி திரையரங்கின் சுவரைப் பெயர்த்துவிடும். அதே நிச்சிகெகியில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தவர்களும் உண்டு.

அந்த உறுமலை எப்படி உண்டாக்கினார்கள் என்பது எனக்கு அலுக்காத கதை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே ஒரு கான்ட்ராபாஸ் வாத்தியத்தின் கம்பியைத் தளர்த்தச் செய்து, பைன் பிசின் தடவிய தோல் கையுறையால் அதை இழுக்க வைத்தார். பதிவான ஒலியை வேகம் மாற்றி ஓட்டினார்கள். எழுபது ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பிள்ளைகள் தொண்டை கிழியப் போலி செய்து வரும் சத்தம் ஒரு கையுறையிலிருந்து வந்தது. உடைக்குள் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. முதல் உடை ஏறக்குறைய 100 கிலோ. விளக்குகளின் சூட்டில் அதற்குள் சில நிமிடங்கள் தாங்குவதே பாடு. மிருக நடை பழகுவதற்காக அவர் உயெனோ மிருகக்காட்சி சாலைக்குப் போய்க் கரடியையும் யானையையும் பார்த்துக்கொண்டு நின்றார். கேமராவை வேகமாகச் சுழற்றிப் படமெடுத்து இயல்பு வேகத்தில் ஓட்டும்போது, அட்டையும் பிளாஸ்டருமாகச் செய்த கட்டடம் கான்கிரீட் எடையோடு சரிந்து விழும். கணினி வராத காலத்தின் தந்திரம் அவ்வளவுதான். ஆனால் கொட்டகை இருட்டில் அதற்கு இணையாக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

பிறகு வீழ்ச்சி. 1958-ல் ஜப்பானியத் திரையரங்குகளில் விற்ற டிக்கெட் 112 கோடிக்கு மேல். கைக்குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு படம். 1960-ல் நாட்டில் 7,457 திரைகள். பத்தே ஆண்டில் டிக்கெட் 25 கோடியளவுக்கு இறங்கியது. திரைகளிலும் பாதிக்கு மேல் மூடிவிட்டன. கொட்டகைகளை இடித்து பௌலிங் கூடம் கட்டினார்கள். அப்போது அந்த விளையாட்டுக்கு அப்படியொரு மவுசு. ராட்சத ஆமை கமெராவைப் பறக்கவிட்ட தாய்யெய் நிறுவனம் 1971 கடைசியில் திவாலானது. சாம்பியன் விழா பிறந்து ஒரு மாதம் தாண்டிச் சில நாள்தான், 1970 ஜனவரி 25 அன்று சுபுராயா காலமானார். தொட்டிலைச் சுற்றி இத்தனை சாவு.

ஆகவே விழா ஒரு வியாபாரப் பதற்றத்தில் பிறந்தது. பெரியவர்கள் வருவது நின்றுவிட்டது. விடுமுறையில் பிள்ளைகளையாவது பிடிக்கலாம், பிள்ளை வந்தால் கூட ஒரு பெரியவரும் டிக்கெட் எடுப்பார் என்பது கணக்கு. கணக்கில் தவறில்லை. கலை என்ற பேச்சுக்கும் அதில் பெரிய இடமில்லை.

ஒரு சிறுநகரக் கொட்டகையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ரயில் நிலையத்திலிருந்து நீளும் கடைத்தெருவின் முடிவில் இருக்கும். முகப்பில் கையால் வரைந்த பலகை. வரைந்தவர் படத்தைப் பார்க்காமல் புகைப்படத்தை வைத்து வரைந்ததால் மூன்று தலை கிங் கிடோராவின் ஒரு தலை மற்ற இரண்டையும்விடச் சற்றுச் சிரித்த முகமாக இருக்கும். சீட்டைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுக்கும் பெண்மணி எப்போதும் இருமுவார். உள்ளே இருக்கை எண் கிடையாது. நாற்காலி நிறைந்தால் பின்சுவரோரம் நிற்பார்கள்; அதுவும் நிறைந்தால் நடைபாதையில் செய்தித்தாளை விரித்து உட்கார்வார்கள். கதவு சரியாக மூடாததால் திரையின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கீற்று விழுந்துகொண்டே இருக்கும். பெரியவர்கள் சிகரெட் புகைப்பார்கள். அந்தப் புகைக்குள் புரொஜெக்டர் ஒளி கூம்பாகத் தெரியும். காய்ந்த கணவாய் வாசம், கழிப்பறையின் நெடி, காரமெல் மிட்டாய் சுற்றிய காகிதம் சரசரக்கும் ஓசை. மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசனை நடத்தும் காட்சி வந்தால் பையன்கள் நடைபாதையில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். உறுமல் கேட்டதும் அத்தனை பேரும் இருக்கைக்குப் பாய்வார்கள். திரைக்கதை எங்கே தொய்கிறது என்று தயாரிப்பாளர் தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான வழி இருந்ததில்லை.

முந்தைய தலைமுறையில் அங்கேயும் பக்கத்து ஊர்க் கொட்டகைகள் இரண்டு சேர்ந்து ஒரே பிரதியை ஓட்டுவது உண்டு. ஒரு ரீல் முடிந்ததும் ஒருவர் அதைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போவார். ‘பொட்டி வந்துருச்சா’ என்று வாசலில் நின்று பழகிய தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் விழாவின் கைஜு படத்தை ரசிகர்கள் பலருக்குப் பிடிக்காது. காட்ஸில்லா வரிசையிலேயே மட்டமான படம் என்று திட்டுபவர்கள் இன்றும் உண்டு. பழைய படங்களின் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டியது, எழுபது நிமிடம்தான் ஓடுவது, காட்ஸில்லா கனவில் மட்டுமே வருவது என்று குற்றப் பத்திரிகை நீளம். நான் அதற்கு நேர் எதிர்க்கட்சி. விழா முழுவதிலும், இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்து எடுத்த படம் அது ஒன்றுதான். கதை கவாசாகியில் நடக்கிறது. ஆலைப் புகைபோக்கிகள், சரக்கு ரயில் தடங்கள், சாம்பல் நிற வானம். இச்சிரோ என்ற பையன் பள்ளி விட்டு வந்து தானே பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போகிறான். அப்பா ரயில் ஓட்டுகிறார், அம்மாவும் வேலைக்குப் போகிறாள், வர நேரமாகும். அந்தக் காலத்து ஜப்பானில் கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளி போய்வந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். தெருவில் கபரா என்றொரு தடியன் இவனை மிரட்டுகிறான். பையன் தூங்கிப்போய் ராட்சதத் தீவுக்குப் போகிறான். அங்கே காட்ஸில்லாவின் குட்டி மினில்லா இவன் உயரத்தில் நின்று இவனோடு பேசுகிறது. அதையும் கபரா என்ற மிருகம் மிரட்டுகிறது. படகும் அணுகுண்டும் இல்லாத ஒரு காட்ஸில்லா படத்தை, 1954-ன் அந்த இருண்ட படத்தை எடுத்த அதே ஹோண்டா, பதினைந்து ஆண்டு கழித்து ஒரு தனிமைப் பையனுக்காக எடுத்தார். சுபுராயா உடல்நலம் குன்றியிருந்ததால் தந்திரக் காட்சிகளையும் அவரே பார்த்துக்கொண்டார். வேலைக்குப் போன அம்மா விடுமுறையன்று காசு கொடுத்து அனுப்பிய பிள்ளைகள்தான் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பார்கள்.

ஓசியில் வீட்டிலேயே பார்த்த தொலைக்காட்சி அத்தியாயத்தைக் காசு கொடுத்து ஏன் மறுபடி பார்க்க வேண்டும்? நிறத்துக்காக. 1970-ல் ஜப்பானிய வீடுகளில் வண்ணத் தொலைக்காட்சி வைத்திருந்தவை 26 சதவீதம்தான். 1966-ல் தொடங்கிய ‘அல்ட்ராமேன்’ வண்ணத்தில் எடுக்கப்பட்ட தொடர்; ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அல்ட்ராமேன் சாம்பலும் வெள்ளையுமாகவே வளர்ந்தான். 16 மில்லிமீட்டரில் எடுத்த அத்தியாயத்தைப் பெரிதாக்கித் திரையில் போடும்போது, துகள் தெறிக்க, ஓரம் மங்கலாக, ஆனால் சிவப்பாக வந்து நின்றான். அந்தச் சிவப்புக்குத்தான் டிக்கெட். விழாவின் உயிர்நாடி அங்கே இருந்தது. 1975-ல் வண்ணப்பெட்டி வைத்திருந்த வீடுகள் 90 சதவீதம். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இந்த இரண்டு எண்களை எழுதினாலே போதும்.

இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும் சொல்வதுதான் மரபு. சாம்பியன் விழா ஒரு பெரிய அக்கிரமமும் செய்தது. அதை மறைத்தால் இது அஞ்சலியே ஆகாது. ஒவ்வொரு விடுமுறைக்கும் புதுப்படம் எடுக்கப் பணமில்லை. நேற்று மீந்த குழம்பைச் சுண்டவைப்பதுபோல், பழைய படங்களைக் குறுக்கி, பெயரை மாற்றி மறுபடி பரிமாறினார்கள். 1962-ன் ‘கிங்காங் எதிர் காட்ஸில்லா’ 1 கோடியே 12 லட்சம் பேர் பார்த்த படம். அந்த வரிசையில் அதற்கு மேல் எண்ணிக்கை இன்றுவரை எதற்கும் இல்லை. 97 நிமிடப் படத்தை 1970 விழாவுக்காக 74 நிமிடமாக வெட்டினார்கள். கத்தரியைப் பிடித்தவர் இயக்கிய ஹோண்டாவே. வெட்டியது பிரதியையா? இல்லை, மூல நெகட்டிவையே. ஓடிப்பிடித்து விளையாடும் பையன்களை மனதில் வைத்து, மனிதர்கள் பேசும் இடங்களைத்தான் எடுத்தார்கள். ஆனால் அந்தப் படத்தின் பாதி ருசி அந்தப் பேச்சில் இருந்தது: மருந்து கம்பெனி விளம்பர அதிகாரி ஒருவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி படுத்துவிட்டதே என்று பதறி ராட்சதனைத் தேடி ஆள் அனுப்பும் கேலி. முழுப்படம் சரியான தரத்தில் மறுபடி ஒன்றுசேர 2016 வரை ஆனது.

புதுப்படங்களிலும் சிக்கனம் பல்லிளித்தது. ஆனாலும் சிக்கனத்தில்தான் சில விசித்திரப் பூக்கள் பூக்கும். 1971 ஜூலையில் வந்த ‘காட்ஸில்லா எதிர் ஹெடோரா’ அப்படி ஒன்று. ஃபுஜி நகரின் தாகோனோஉரா துறைமுகம் காகித ஆலைக் கழிவுச் சேற்றால் நிறைந்து செய்தியாகிக்கொண்டிருந்த காலம். ஜப்பான் அரசு சுற்றுச்சூழல் முகமையைத் தொடங்கியதும் அதே மாதம். யொஷிமிட்சு பன்னோ என்ற புது இயக்குநர் அந்தச் சேற்றையே மிருகமாக்கினார். ஹெடோரா பறந்து போகும் வழியில் மனிதர்கள் விழுந்து எலும்புக்கூடாகிறார்கள். சூரியனைத் திருப்பிக் கொடு என்று ஒரு பாட்டு. நடுநடுவே சித்திரப்படத் துண்டுகள். கடைசியில் காட்ஸில்லா தன் அனல் மூச்சை உந்துவிசையாக்கிப் பின்னோக்கிப் பறக்கிறது. தனகா மருத்துவமனையில் படுத்திருந்தபோது நடந்த காரியம் இது. பன்னோவுக்குப் பிறகு காட்ஸில்லா படம் கிடைக்கவில்லை. விடுமுறைக் கொண்டாட்டம் என்று வந்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படத்தைப் போட எந்த நிறுவனம் இன்று துணியும்?

அடுத்த ஆண்டு ‘காட்ஸில்லா எதிர் கைகன்’. அதில் காட்ஸில்லாவும் அங்கிலாஸும் பேசிக்கொள்கின்றன. குரலில் அல்ல, காமிக்ஸ் புத்தகத்தில் வருவதுபோல் வாயருகே ஒரு குமிழ் தோன்றி அதில் எழுத்து வருகிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை தெரியாத தம்பிக்குச் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும். வீட்டில் தனியே பார்ப்பவருக்கு அது அசட்டுத்தனமாகத் தெரியும். இருநூறு பிள்ளைகள் சேர்ந்து உரக்கப் படிக்கும் கூடத்துக்காக வைத்தது அது.

அந்தப் படத்தோடு நகாஜிமா உடையைக் கழற்றினார். பதினெட்டு ஆண்டு காட்ஸில்லாவாக இருந்தவர். அதற்குச் சற்று முன்பே தோஹோ தன் ஒப்பந்த நடிகர்களைக் குறைத்திருந்தது. அவரை நிறுவனத்தின் பௌலிங் கூடத்தில் வேலைக்குப் போட்டார்கள். டோக்கியோவை மிதித்தவர் பௌலிங் கூடத்தில் வேலை பார்த்தார். கதையாக எழுதியிருந்தால், இவ்வளவு அப்பட்டமாக வேண்டாம் என்று ஆசிரியர் அடித்திருப்பார்.

விழா தெரியாமல் செய்த நன்மையும் உண்டு. 1972 அக்டோபரில் சீனா அனுப்பிய இரண்டு பாண்டாக்கள் உயெனோவுக்கு வந்து ஜப்பானே பாண்டாப் பைத்தியமாக இருந்தது. அந்த டிசம்பர் விழாவில் ஒரு குட்டிச் சித்திரப்படம் ஓடியது, ‘பாண்டா கோபாண்டா’. இயக்கம் இசாவோ தகஹாதா. கதையும் திரைக்கதையும் ஹயாவோ மியாசாகி. அடுத்த மார்ச்சில் அதன் இரண்டாம் பாகம், ‘காட்ஸில்லா எதிர் மெகலோன்’ படத்துக்குத் துணையாக. இந்த இருவரின் கிப்லி ஸ்டுடியோ தோன்ற இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருந்தது. பொட்டலத்தின் ஓரத்தில் கிடந்த சிறு கட்டு அது. மிருகச் சண்டைக்கு வந்த பிள்ளைகள் இதையும் பார்த்துவிட்டுப் போனார்கள். தேர்ந்தெடுக்காமல் கண்ணில் படுவது என்ற ஒன்று அப்போது இருந்தது.

சாவு படிப்படியாக வந்தது. மெகலோனுக்கு 9 லட்சத்து 80 ஆயிரம் பேர். மெக்காகாட்ஸில்லா வந்த 1974-ல் கொஞ்சம் தெம்பு, 13 லட்சம். 1975 மார்ச்சில் ‘மெக்காகாட்ஸில்லாவின் எதிர்த்தாக்குதல்’: ஹோண்டா திரும்பி வந்தார், இஃபுகுபே திரும்பி வந்தார், திரைக்கதை யுகிகோ தகயாமா என்ற இளம்பெண்ணுடையது. படத்தில் ஒரு சோகம் உண்டு, அழகும் உண்டு. வந்தவர்கள் 9 லட்சத்து 70 ஆயிரம். காட்ஸில்லா வரிசையின் மிகக் குறைந்த எண்ணிக்கை அதுதான். ஹோண்டா அதற்குப் பிறகு தன் பெயரில் முழுநீளப் படம் இயக்கவில்லை. விழா மட்டும் புதுக் காட்ஸில்லா இல்லாமல் மூன்று ஆண்டு இழுத்துக்கொண்டு கிடந்தது. 1978 வசந்தத்தோடு நின்றது. அந்தக் கோடையில் ஜப்பானில் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானது.

வாரிசு யார் என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஆள்தான். 1980 மார்ச்சில் டோரேமானின் முதல் முழுநீளத் திரைப்படம் வந்தபோது, தோஹோ அதோடு சேர்த்துப் போட்டது பழைய ‘மோத்ரா எதிர் காட்ஸில்லா’. வசந்த விடுமுறை என்ற வீட்டின் சாவி அன்று நீலப் பூனையின் கைக்குப் போனது. ஏறக்குறைய ஒவ்வொரு மார்ச்சும் அது அங்கேதான் இருக்கிறது. விழாவில் வளர்ந்த பையன்கள் பெரியவர்களாகி, பழைய படங்களைத் தேடிப் போனார்கள். 1983-ல் தோஹோ பழைய கைஜு படங்களை மறுபடி திரையிட்டபோது கூட்டம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு காட்ஸில்லா திரும்பி வந்தது. அசாகுசாவின் தோஹோ அரங்கில் சனிக்கிழமை விடிய விடிய கைஜு படம் ஓட்டுவார்கள். அதையும் 2006-ல் மூடிவிட்டார்கள். வாலடி வாங்கிய நிச்சிகெகி 1981-ல் இடிபட்டது. அதன் இடத்தில் எழுந்த கட்டடத்தில் அதே பெயர் தாங்கிய அரங்குகளும் 2018 பிப்ரவரி 4 அன்று மூடின. இதற்கிடையே 1993-ல் எபினாவில் முதல் பெரிய மல்டிபிளெக்ஸ் வந்துவிட்டது. இருக்கைக்கு எண் வந்தது. படம் முடிந்ததும் எழுந்து வெளியே போக வேண்டும் என்ற விதி வந்தது.

விழாவின் ஆவி பிறகு எழுந்து மூன்று டிசம்பர் நடமாடியது. 2001 டிசம்பரில் ஷூசுகே கனெகோ இயக்கிய காட்ஸில்லா படத்தோடு ஹாம்தாரோ என்ற வெள்ளெலிச் சித்திரப்படத்தையும் சேர்த்து, ஒரே டிக்கெட்டில் போட்டார்கள். கனெகோவின் காட்ஸில்லாவுக்குக் கருவிழி இல்லை. பசிபிக் போரில் மாண்டவர்களின் ஆவிகள் குடியேறிய, இரக்கமே இல்லாத மிருகம். வெள்ளெலியைப் பார்க்க வந்த நாலு வயதுக் குழந்தைகள் அந்த வெள்ளைக் கண்ணையும் பார்த்தார்கள். அடுத்த இரண்டு டிசம்பரிலும் அதே ஜோடி. 2004-ல் வந்த படத்தில் வெள்ளெலி இல்லை. 2016-ல் ‘ஷின் காட்ஸில்லா’வும் தனியாகத்தான் வந்தது, வந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகும் வயதினர்.